கெட்டவனை ஏன் விரும்பிப் பார்க்கிறோம்? எதிர்நாயகர் ஈர்ப்பு பற்றிய விளக்கங்கள்: ஒரு மதிப்பீடு

சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசுக் கம்பெனிகள் ஆண்டு முழுக்க ஓடுவது ஒரே ஒரு பண்டிகையை நம்பி. அந்தப் பண்டிகை ஓர் அசுரனின் சாவைக் கொண்டாடுவது. சாகும் தறுவாயில் நரகாசுரனே கேட்டு வாங்கிய வரம் அது என்கிறது கதை. கொடுமைக்காரனைக் கொன்றாக வேண்டும்; கொன்ற பிறகும் அவனை மறந்துவிடக் கூடாது. இந்த இரட்டை மனநிலை புராணத்தோடு நின்றுவிடவில்லை. 1987 தீபாவளிக்கு வெளியான மணிரத்னத்தின் ‘நாயகன்’ படத்தில், கடத்தல்காரர் வேலு நாயக்கரிடம் பேரன் கேட்கிறான், தாத்தா நல்லவரா கெட்டவரா என்று. தெரியவில்லை என்பதே அவர் பதில். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து சன் தொலைக்காட்சியின் ‘எதிர்நீச்சல்’ தொடரில், வீட்டுப் பெண்களை அடக்கி ஒடுக்கிய ஆதி குணசேகரனே அந்தத் தொடரின் அதிகம் பேசப்பட்ட பாத்திரம் ஆனார்.

தீயவன் என்று தெரிந்தே ஒருவனை ஏன் விரும்பிப் பார்க்கிறோம்? இந்தக் கேள்விக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. அவற்றில் முக்கியமானவற்றை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எங்கே பொருந்துகிறது, எங்கே சறுக்குகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். உரைகல்லாகத் தமிழ்ப் படங்களும் தொடர்களும் கதைப்பாடல்களும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. விருதுநகர் வட்டாரம் இதற்கு வாகான களம். தமிழ்த் திரைப்படச் சுவரொட்டிகளைப் பல பத்தாண்டுகள் அச்சடித்துத் தந்த ஊர் சிவகாசி. எம்.ஜி.ஆரை 1977இல் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி அருப்புக்கோட்டை.

ஒன்றுக்குள் மூன்று கேள்விகள்

முதலில் கேள்வியைப் பிரித்துக்கொள்வது நல்லது. தீயவனை அலுக்காமல் பார்ப்பது ஒன்று. அவன் பக்கம் நின்று, அவன் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று பதறுவது இன்னொன்று. அவனைப் போல நாமும் இருந்தால் என்ன என்று ஆசைப்படுவது மூன்றாவது. ஒன்று இருந்தால் மற்றது இருந்தாக வேண்டும் என்பதில்லை. வில்லன் வேடத்தில் எம்.என். நம்பியாரைத் திரையில் பார்க்கத் தலைமுறைகள் கூடின. அவர் ஜெயிக்க வேண்டும் என்று யாரும் வேண்டிக்கொள்ளவில்லை. வேலு நாயக்கருக்காக அரங்கமே பதறியது. அதற்காகப் பார்த்தவர்கள் கடத்தலுக்குக் கிளம்பிவிடவில்லை. ஆய்வுகள் பலவும் தடுமாறுவது ஒரு கேள்விக்குக் கிடைத்த விடையை மற்றதற்கும் சேர்த்துச் சொல்லிவிடும்போதுதான்.

வில்லனையும் எதிர்நாயகனையும் பிரிக்கும் கோடும் இங்கேதான் வருகிறது. வில்லன் கதையின் எதிர்ப்பக்கத்தில் நிற்பவன். எதிர்நாயகன் கதையின் நடுவில் நிற்பவன். அவன் கண் வழியாகத்தான் நமக்குக் கதை தெரியும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘தி சோப்ரானோஸ்’ (1999–2007), ‘பிரேக்கிங் பேட்’ (2008–2013) ஆகிய தொடர்களுக்குப் பிறகு இந்த வகை பெருகியது. தமிழ்த் தொடர்களில் இந்தக் கோடு அவ்வளவு தெளிவாக இல்லை. வில்லனாகத் தொடங்கும் பாத்திரம் நூறு எபிசோடுகளுக்குள் நடுக்கூடத்துக்கு வந்து உட்கார்ந்துவிடுவது வழக்கம்.

பழைய விடைகள்: தூரமும் சுவையும்

கவிதையியலின் 13ஆம் அத்தியாயத்தில் அரிஸ்டாட்டில் சொல்வது இது: முழு நல்லவன் வீழ்ந்தால் நமக்கு அருவருப்பு, முழுக் கெட்டவன் வீழ்ந்தால் நிறைவு உண்டு, இரக்கமும் அச்சமும் இல்லை. ஆகவே துன்பியலுக்கு ஏற்றவன் இரண்டுக்கும் இடைப்பட்டவன். இந்த அளவுகோல் வேலு நாயக்கருக்குப் பொருந்தும். கொடுமை குறையாத குணசேகரனுக்குப் பொருந்தாது.

இந்திய அழகியல் மரபு வேறு வழியில் போகிறது. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த அபிநவகுப்தரின் விளக்கப்படி, அரங்கில் நாம் நுகர்வது நம் சொந்தக் கோபமோ பயமோ அல்ல. யாருக்கும் உரியதாக இல்லாமல் பொதுவாகிவிட்ட ஓர் உணர்வு. அதனால்தான் வாழ்க்கையில் ஒதுங்கிப் போகவேண்டிய ஆளைக் கூத்தில் கிட்டப்போய்ப் பார்க்கிறோம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் வெகுளி, இளிவரல், அச்சம் ஆகியவற்றை நகையோடும் உவகையோடும் ஒரே வரிசையில் வைத்து எண்ணுகிறது. சுவைக்கு உரியவை, உரியாதவை என்று கோடு கிழிக்கவில்லை. 1757இல் டேவிட் ஹியூம் எழுதிய துன்பியல் பற்றிய கட்டுரையும் இதற்குப் பக்கத்தில் வருகிறது: சொல்லின் திறமும் கலையின் வேகமும் கசப்பான உணர்வைத் தம் பக்கம் இழுத்து இன்பமாக மாற்றிவிடுகின்றன.

இந்த விடைகள் முதல் கேள்விக்கு, அதாவது ஏன் பார்க்கிறோம் என்பதற்கு, இன்றும் வலுவானவை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எமன், இரணியன், இராவணன் போன்ற வேடங்களில் நடித்தபோது பார்த்தவர்கள் நடுங்கியதாகச் செவிவழிச் செய்திகள் உண்டு. ஒரு பெண்ணுக்குக் கருக்கலைந்ததைக் கேள்விப்பட்டு அவர் வேடம் கட்டுவதையே விட்டதாகவும் சொல்வார்கள். அந்தச் செய்தி உண்மையோ இல்லையோ, பயந்த கூட்டம் மறுநாளும் வந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஆனால் இந்த விடைகளில் ஒரு குறை உண்டு. எல்லாப் பார்வையாளரையும் ஒரே ரசிகராக அவை பாவிக்கின்றன. யார் எந்தத் தீயவனிடம் ஒட்டுகிறார், ஏன் அவனிடம் மட்டும் என்ற கேள்விக்கு அவற்றில் இடமில்லை.

கவிழ்த்துப் போட்ட கதை

இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டில் திராவிட இயக்கம் இதற்கு அரசியல் விடை ஒன்றைக் கொடுத்தது. தீயவன் என்று சொன்னது யார், எந்தப் பக்கம் நின்று சொன்னார் என்று கேட்டது அந்த விடை. பாரதிதாசனின் ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ 1934இல் மேடையேறியது. புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1946இல் வெளிவந்து, 1948இல் தடைசெய்யப்பட்டு, 1971இல் தடை நீங்கியது. இந்த நோக்கில் அசுரர்கள் தோற்றவர்கள். கெட்ட பெயர் என்பது வென்றவர் எழுதிவைத்த தீர்ப்பு.

இந்த விளக்கத்தின் பலம், ஈர்ப்பை மனக்கோளாறாகப் பார்க்காமல் வரலாற்று வழக்காகப் பார்ப்பது. பலவீனமும் அதிலேயே இருக்கிறது. இராவணனை நல்லவன் என்று நிறுவிவிட்டால் அவன் எதிர்நாயகன் இல்லை, நாயகன். தீயவனாகவே இருந்துகொண்டு ஈர்ப்பவனை இது விளக்காது. அதே இயக்கத்தின் மேடையில் வளர்ந்த எம்.ஆர். ராதாவே இதற்குச் சான்று. 1954இல் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் வந்த ‘ரத்தக்கண்ணீர்’ படத்தின் மோகனசுந்தரத்துக்கு எந்த நியாயமும் இல்லை. வெளிநாடு போய்வந்த திமிர், பெற்ற தாயையே உதைக்கும் கொடுமை, கட்டிய மனைவியைக் கைவிடும் துரோகம், பிறகு தொழுநோய். ஆனால் அரங்கில் சிரிப்பு முழுக்க அவருக்குத்தான். எல்லோரையும் குத்திக் கிழிக்கும் பேச்சு அவரிடம் இருந்தது. சாமியார், பணக்காரன், பக்தி என்று எதுவும் அதற்குத் தப்பவில்லை. தன்னைச் சிலையாக வைத்து ஊருக்குப் பாடமாக்கச் சொல்லிவிட்டுத்தான் அவர் சாகிறார். படம் நீதியைச் சிலைக்குக் கொடுத்தது, சுவையைப் பேச்சுக்குக் கொடுத்தது. நினைவில் நின்றது பேச்சு.

கொள்ளையனும் குலதெய்வமும்

மற்றொரு விளக்கம் நாட்டார் மரபிலிருந்து வருகிறது. எரிக் ஹாப்ஸ்பாம் 1969இல் வெளியிட்ட கொள்ளையர்கள் பற்றிய நூலில், அரசும் பண்ணையாரும் குற்றவாளி என்று சொல்லும் ஒருவனை உழவர் கூட்டம் தன் ஆளாகப் போற்றுவதை ‘சமூகக் கொள்ளை’ என்று வகைப்படுத்தினார். தென்மாவட்டங்களில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 1923இல் போலீஸ் கையில் மாண்ட ஜம்புலிங்கம் நாடாரைப் பற்றிக் கதைப்பாடல்கள் உண்டு. சட்டப்படி குற்றவாளிகளாகத் தண்டிக்கப்பட்ட மதுரைவீரனும் காத்தவராயனும் இன்றும் கோயில் கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வாங்கிக்கொள்ளும் படையலில் சுருட்டும் சாராயமும் உண்டு. காவல்தெய்வம் சாதுவாக இருக்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்ப்பதில்லை. எல்லையில் நிற்பவனுக்குக் கொஞ்சம் முரட்டுத்தனம் வேண்டும் என்றே நினைக்கிறது.

இந்த நிலத்தின் எழுத்தும் அதே தடத்தில் போயிருக்கிறது. விருதுநகர் மாவட்டம் மல்லாங்கிணற்றைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணனின் ‘நெடுங்குருதி’, களவை வாழ்வாகக் கொண்ட வேம்பர்களின் ஊரைப் பற்றியது. விருதுநகரைச் சேர்ந்த வசந்தபாலன், சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ நாவலின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு 2012இல் ‘அரவான்’ படத்தில் திருடர்களை நாயகர்களாக்கினார். பெருநாழிக்காரரான வேல. ராமமூர்த்தியின் ‘குற்றப் பரம்பரை’, ஒரு சமூகத்தையே குற்றவாளியாக்கிய காலனியச் சட்டத்தின் எதிர்ப்பக்கத்திலிருந்து எழுதப்பட்டது. பிறப்பாலேயே குற்றவாளி என்று சட்டம் சொன்ன காலத்தைப் பார்த்த மண்ணில், குற்றவாளி என்ற முத்திரையை அப்படியே நம்பாத பழக்கம் வளர்ந்திருந்தால் வியப்பில்லை. 2004 அக்டோபரில் வீரப்பன் கொல்லப்பட்ட சில ஆண்டுகளிலேயே வ. கௌதமன் இயக்கிய ‘சந்தனக்காடு’ மக்கள் தொலைக்காட்சியில் தொடராக வந்தது இந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான்.

ஹாப்ஸ்பாமுக்கு எதிராக ஆன்டன் பிளாக் 1972இல் எழுப்பிய மறுப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. நிஜக் கொள்ளையர் பலர் ஏழைகளைக் காத்ததைவிட, அவர்களை அடக்கிவைக்க வலியவர்களுக்குத்தான் அதிகம் உதவினார்கள். போற்றப்படுவது மனிதன் அல்ல, கட்டிய கதை என்றார் அவர். 1978இல் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் தமிழ் வீரக் கதைப்பாடல்களை ஆராய்ந்தபோது, நாயகன் யாருடைய நலனைச் சுமக்கிறான் என்பதையே மையக் கேள்வியாக்கினார். அந்தக் கேள்வியை விட்டுவிட்டால், ‘மக்கள் போற்றினார்கள்’ என்ற வாக்கியத்தில் எந்த மக்கள் என்பது காணாமல் போகும்.

உளவியலின் விடைகள்

1970களில் டால்ஃப் ஸில்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய கோட்பாடு எளிமையானது. பார்வையாளர் ஒவ்வொரு பாத்திரத்தின் செயலையும் நீதிபதி போல எடைபோடுகிறார். நல்லவனைப் பிடிக்கிறது, கெட்டவனைப் பிடிப்பதில்லை. பிடித்தவன் வென்றால் மகிழ்ச்சி. எம்.ஜி.ஆர் படங்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். எதிர்நாயகனிடம் உடைந்துபோகும்.

உடைந்ததை ஒட்டவைக்கப் பலர் முயன்றார்கள். 2004இல் ஆர்தர் ரேனி வரிசையைத் திருப்பிப் போட்டார்: எடைபோட்ட பிறகு பிடிப்பதில்லை, முதலில் பிடித்துவிடுகிறது, பிறகு நியாயம் தேடுகிறோம். இவன்தான் கதாநாயகன் என்று முதல் காட்சியே காட்டிக்கொடுத்துவிடுவதால், அவன் செய்யும் எதற்கும் ஒரு சாக்கு தயாராகிவிடுகிறது. ஆல்பர்ட் பண்டூரா விவரித்த ஒழுக்க விலகல் என்ற மனவேலை இங்கே உதவுகிறது: ‘அவனைத் தூண்டிவிட்டார்கள்’, ‘செத்தவனும் யோக்கியன் இல்லை’, ‘குடும்பத்துக்காகச் செய்தான்’. தமிழ்ச் சினிமாவில் இது இன்னும் சுலபம், ஏனெனில் நட்சத்திரத்தின் மேல் உள்ள பிரியம் படம் தொடங்கும் முன்பே இருக்கிறது. 2011இல் ‘மங்காத்தா’ அஜித்துக்கு எந்த நல்ல குணமும் தராமலே வென்றது. அந்தப் பாத்திரத்தை முகம் தெரியாத நடிகர் செய்திருந்தால் அதே கைத்தட்டல் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

முர்ரே ஸ்மித் 1995இல் செய்த பிரிப்பு இன்றளவும் பயன்படுகிறது. ஒருவனோடு கதையில் சேர்ந்து நடப்பது வேறு. அவனுக்கு நம் ஒப்புதலைத் தருவது வேறு. ஒப்புதல் பெரும்பாலும் ஒப்பீட்டில் கிடைப்பது. கதைக்குள் இருக்கும் மற்றவர்கள் இவனைவிட மோசமென்றால் இவன் நல்லவனாகத் தெரிவான். வேலு நாயக்கருக்கு எதிரே ஈவிரக்கமற்ற போலீஸ் அதிகாரியை நிறுத்தியதும் பாதி வேலை முடிந்துவிட்டது. மார்கிரெத்த ப்ரூன் வோகே 2016இல் வெளியான நூலில் தொலைக்காட்சிக்கென்று ஒரு காரணத்தைச் சேர்த்தார்: பழக்கம். பல ஆண்டுகள் ஒருவனோடு நேரம் கழித்தால், சொந்தக்காரனுக்குக் கொடுக்கும் சலுகையை அவனுக்கும் கொடுத்துவிடுகிறோம். கற்பனை என்ற தைரியமும் சேர்ந்துகொள்கிறது. விளைவைப் பற்றிய பொறுப்பு இங்கே நமக்கில்லை.

ஒப்புமையை வலியுறுத்தும் இன்னொரு விளக்கமும் உண்டு. ரெபெக்கா கிராஸும் டெரெக் ரக்கரும் 2020இல் வெளியிட்ட ஆய்வில், கற்பனைப் பாத்திரங்களுக்கான இணையதளம் ஒன்றின் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பயனாளர்களின் தரவு பயன்படுத்தப்பட்டது. தம் குணத்தோடு ஒத்துப்போகும் தீயவர்களிடம் மக்கள் கூடுதலாக ஈர்க்கப்படுகிறார்கள். கதை என்ற பாதுகாப்பு இருப்பதால் அந்த ஒற்றுமை உறுத்துவதில்லை என்பது அவர்கள் முடிவு.

இந்த ஆய்வுகளின் பொதுக்குறை ஒன்றே. பார்ப்பவரை அவை தனி ஆளாக எடுத்துக்கொள்கின்றன. ஒரே டிவிக்கு முன்னால் மாமியாரும் மருமகளும் பேத்தியும் உட்கார்ந்திருக்கும் கூடத்தில், ஒரே காட்சி மூன்று பேருக்கு மூன்று விதமாக நடக்கிறது.

கூடத்துக்குள் வந்த குணசேகரன்

2006 முதல் தமிழ்நாடு அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சி, தீப்பெட்டி ஒட்டும் வீடுகளிலும் பட்டாசுக் கம்பெனி வண்டி மாலையில் ஆள் இறக்கிவிட்டுப் போகும் கிராமங்களிலும் நெடுந்தொடரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இந்த ஊர்களில் கூலிக்குப் போகும் பெண்கள் வீட்டில் சம்பாதிப்பவர்களும்கூட. அவர்களும் பார்க்கும் நேரத்தில்தான் திருச்செல்வம் இயக்கிய ‘எதிர்நீச்சல்’ 2022 பிப்ரவரியிலிருந்து 2024 ஜூன் வரை ஓடியது. படித்த பெண்களை மருமகள்களாகக் கொண்டுவந்து அடுப்படியில் பூட்டும் ஒரு வீடு. பட்டம்மாள் அப்பத்தாவின் 40 சதவீதப் பங்கு யாருக்கு என்ற சொத்துத் தகராறு. எல்லாவற்றுக்கும் நடுவில், ‘ஏய் இந்தாம்மா’ என்ற அதட்டலோடு மாரிமுத்து நடித்த ஆதி குணசேகரன்.

இந்தப் பாத்திரத்தை மேற்சொன்ன விளக்கங்களில் வைத்துப் பார்த்தால் பல பொருந்தவில்லை. அவரைவிடக் கெட்டவர் வீட்டில் இல்லை; அதனால் ஒப்பீட்டுச் சலுகை கிடையாது. ஏழைக்கு உதவும் கொள்ளையரும் இல்லை. தொடரின் ஒப்புதல் முழுக்கப் பெண்கள் பக்கம். இருந்தும் அந்த அதட்டல் கேலிப்படங்களாகவும் குறுங்காணொளிகளாகவும் ஊரெல்லாம் சுற்றியது.

பெண்ணிய ஆய்வு இங்கே கைகொடுக்கிறது. 1982இல் டானியா மோட்லெஸ்கி அமெரிக்கப் பகல்நேரத் தொடர்களைப் பற்றி எழுதும்போது, வில்லிதான் பார்க்கும் பெண்ணின் அடக்கப்பட்ட கோபத்தை வெளியே கொண்டுவருகிறாள் என்றார். வீட்டில் எதையும் தீர்மானிக்க முடியாதவர், எல்லாவற்றையும் தீர்மானிக்கும் ஒருத்தியைப் பார்க்கிறார். ‘படையப்பா’ (1999) நீலாம்பரிக்கு இன்றுவரை இருக்கும் மதிப்பை இப்படி விளங்கிக்கொள்ளலாம். ‘டல்லாஸ்’ தொடரின் டச்சுப் பார்வையாளர்கள் எழுதிய கடிதங்களை ஆராய்ந்த இயன் ஆங் இன்னொன்றைக் கண்டார்: சம்பவங்கள் நம்ப முடியாதவையாக இருந்தாலும் உணர்வுகள் நிஜமாகத் தெரிந்தால் போதும், கேலி செய்துகொண்டே பார்ப்பதும் ஒரு பார்க்கும் முறைதான்.

குணசேகரன் பற்றி இரண்டும் சேர்ந்து ஒரு விளக்கம் தருகின்றன. அவர் ஈர்த்தது, தெரிந்த ஆளாக இருந்ததால். அதே பேச்சு, அதே சாதுரியம், அதே ‘குடும்ப மானம்’ பலர் வீட்டிலும் கேட்டது. நிஜ வீட்டில் எதிர்த்துப் பேச முடியாதவரைத் திரையில் நான்கு பெண்கள் எதிர்த்துப் பேசினார்கள். அதற்கு அவர் அந்த அளவுக்குப் பெரியவராக இருந்தாக வேண்டியிருந்தது. ஆனால் எல்லோரும் அப்படியே பார்த்தார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதே வசனத்தை ஓர் ஆண் தன் மனைவியிடம் வேடிக்கையாகச் சொல்லும்போது, கேலி யாரை நோக்கிப் போகிறது என்பது அந்த வீட்டைப் பொறுத்தது.

2023 செப்டம்பர் 8 அன்று, இதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து மாரிமுத்து காலமானார். பிறகு அந்தப் பாத்திரத்தை ஏற்றவர் வேல. ராமமூர்த்தி. பாத்திரம் மாறவில்லை, அதன் கொடுமையும் குறையவில்லை. ஆனால் பழைய குரலையும் நக்கலையும் தேடிய ரசிகர்கள் இருந்தார்கள். ஒற்றைச் சம்பவத்தை வைத்துக் கோட்பாடு கட்டக் கூடாது என்றாலும், ஈர்ப்பு தீமையில் இருந்ததா, தீமையைச் சொன்ன வாயில் இருந்ததா என்ற கேள்வியை இது கூர்மையாக்குகிறது. எம்.ஆர். ராதா விஷயத்திலும் பார்த்தது இதுதான்.

கொடுக்கிற கை

மேற்கத்தியக் கோட்பாடுகள் அதிகம் தொடாத ஒரு காரணத்தை இங்கே கருதுகோளாக முன்வைக்கலாம். தமிழ் எதிர்நாயகர்களில் நெடுங்காலம் நிற்பவர்கள் பெரும்பாலும் கொடுப்பவர்கள். வேலு நாயக்கர் வீட்டு வாசலில் கூட்டம் நிற்பது வைத்தியத்துக்கும் வேலைக்கும் நியாயத்துக்கும். எம்.ஜி.ஆரின் பிம்பத்தை 1992இல் ஆராய்ந்த எம்.எஸ்.எஸ். பாண்டியன் சுட்டியது போல, திரை நாயகனின் வள்ளல் தன்மை அரசியலில் பெருமுதலாக மாறியது. எதிர்நாயகன் அந்த வள்ளலின் நிழல் வடிவம். சட்டம் தராததை அவன் தருகிறான். அதற்கு ஈடாக எதையும் கேட்கும் உரிமையையும் எடுத்துக்கொள்கிறான்.

இந்த உறவு பட்டாசு மண்டலத்தில் புதிதல்ல. தீபாவளி முடிந்து கம்பெனி மறுபடி திறக்கும்போது ஆளைப் பிடித்துவைக்கக் கொடுக்கும் அட்வான்ஸ்தான் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் கைகொடுக்கிறது. அதே அட்வான்ஸ்தான் வேறு கம்பெனிக்குப் போகவிடாமல் கட்டியும் போடுகிறது. லைசன்ஸ் ஒருவர் பெயரில் இருக்க, உள்குத்தகைக்கு எடுத்து ஓட்டுபவர் இன்னொருவராக இருப்பது விபத்து விசாரணைகளில் திரும்பத் திரும்ப வெளிவரும் செய்தி. ஓர் அறைக்கு நான்கு பேர் என்ற விதியை மீறியதும், மரத்தடியில் வைத்து வேலை வாங்கியதும் அப்படியே. பீஸ் ரேட் கூலியில் அந்த மீறல் தொழிலாளிக்கும் நாலு காசு சேர்த்துக் கொடுக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தது போன்ற ஒரு நாள் வரும்வரை, விதியை மீறுபவரும் வேலை தருபவரும் ஒரே ஆளாக இருப்பது அன்றாடம்.

இதை வைத்துச் சிவகாசிக்காரர்களுக்கு எதிர்நாயகர்களை இன்னும் கூடுதலாகப் பிடிக்கும் என்று சொல்வது தாவல். சொல்லக்கூடியது இவ்வளவே: வாழ்க்கை நல்லது கெட்டதை ஒரே கையில் வைத்துக் கொடுக்கும் இடத்தில், கெட்டவனைப் பிடிப்பது ஒழுக்கத்தைக் கழற்றிவைத்துவிட்டுச் செய்யும் காரியமாக இருக்க வேண்டியதில்லை. அது வேறோர் ஒழுக்கத்தால் எடைபோடுவது: யாரைக் காத்தான், யாருக்குக் கொடுத்தான், கைவிட்டானா இல்லையா. இந்த அளவுகோலுக்கும் ஒரு விலை உண்டு. ‘நம்மாள்’ என்ற வட்டத்துக்கு வெளியே இருப்பவருக்கு அதில் இடமில்லை.

கெடுதல் உண்டா?

பிளேட்டோ தொடங்கிவைத்த கவலை இது: தீயதைப் பார்த்து ரசிப்பவர் தீயவராகிவிடுவாரா? தனி மனிதர் அளவில் இந்த வாதம் மிகையாகச் சொல்லப்படுவது. சமூக அளவில் அப்படித் தள்ளிவிட முடியாது. கார்த்திகேயன் தாமோதரனும் ஹியூகோ காரிஞ்சும் 2017இல் ‘மதுரை ஃபார்முலா’ படங்கள் பற்றி எழுதியபோது, அரிவாள் ஏந்திய நாயகனின் வீரம் குறிப்பிட்ட சாதிகளின் பெருமிதமாகத் திரையில் படிந்ததைக் காட்டினார்கள். பிம்பத்தின் வலிமையை விருதுநகர் மாவட்டம் அறியும். 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் அமைந்ததை ஒட்டிச் சாதிக் கலவரம் மூண்டு, மாவட்டங்களுக்கும் கழகங்களுக்கும் சூட்டிய தலைவர் பெயர்களையே அரசு நீக்கியது. ஒரு நாயகன் யாருக்கு நாயகன் என்பது இங்கே வெறும் ரசனைக் கேள்வி அல்ல.

மறுபக்கமும் உண்டு. திரையில் கண்டதை மக்கள் அப்படியே வாக்காக்குவார்கள் என்ற நம்பிக்கைக்கும் இதே மண் எதிர்ச்சான்று தருகிறது. ‘சித்தி’ (1999–2001) முதல் சின்னத்திரையில் நல்ல பெண்ணின் முகமாக அறியப்பட்ட ராதிகா சரத்குமார், 2024 மக்களவைத் தேர்தலில் விருதுநகரில் மூன்றாம் இடம் பெற்றார். 1977இல் அருப்புக்கோட்டையில் எம்.ஜி.ஆர் வென்றதை அதனருகில் வைத்தால், திரைக்கும் வாழ்வுக்கும் நடுவில் கட்சியும் கூட்டணியும் சாதியும் காலமும் நிற்பது தெரியும். நல்ல பிம்பமே நேராகக் கடத்தப்படாதபோது, கெட்ட பிம்பம் மட்டும் கடத்தப்படும் என்று எப்படிச் சொல்வது?

மதிப்பீடு

விளக்கங்களை ஒன்றோடு ஒன்று மோதவிட்டால் வெல்பவர் யாருமில்லை. பங்கு பிரித்தால் ஓரளவு தெளிவு கிடைக்கிறது. ஏன் பார்க்கிறோம் என்பதற்குப் பழைய அழகியலின் விடையே இன்றும் மேலானது: பேச்சு, திறமை, பாதுகாப்பான தூரம். ஏன் அவன் பக்கம் சாய்கிறோம் என்பதற்கு ஸ்மித், வோகே ஆகியோரின் ஒப்பீடும் பழக்கமும் நல்ல விளக்கங்கள். தமிழ்ச் சூழலில் அவற்றோடு கொடுக்கும் கையையும் நம்மாள் என்ற உறவையும் சேர்த்தாக வேண்டும். ஏன் அவனைப் போலாக ஆசைப்படுகிறோம் என்பதற்கு ஒப்புமை ஆய்வுகள் தொடக்கத்தைத் தருகின்றன, அதற்கு மேல் இல்லை.

மூன்று விஷயங்கள் தீராமல் நிற்கின்றன. முதலாவது, கொடுக்காத, காக்காத, எந்தச் சாக்கும் இல்லாத குணசேகரன் போன்றவரின் ஈர்ப்பு. அது வெறுப்பின் மறுபெயரா, அடையாளம் கண்டுகொண்ட நிறைவா, நடிப்பின் மேல் உள்ள மயக்கமா என்பதைப் பார்ப்பவரிடம் கேட்காமல் பிரித்தறிய முடியாது. இரண்டாவது, நட்சத்திரமும் பாத்திரமும் கலந்து கிடக்கும் சூழலில் இரண்டையும் தனித்தனியே அளப்பது. நடிகர் மாறிய தொடர்கள் இதற்கு நல்ல களம். மூன்றாவது, யார் பார்க்கிறார் என்பது. கம்பெனி வண்டியில் இறங்கி வந்து, சமைத்துக்கொண்டே பாதிக் காட்சியைக் காதால் கேட்கும் பெண்ணும், கைப்பேசியில் அதே காட்சியின் முப்பது விநாடித் துண்டை மட்டும் பார்க்கும் அவள் மகனும் ஒரே எதிர்நாயகனைப் பார்ப்பதாகச் சொல்ல முடியாது. மகனுக்குக் கதை இல்லை, தண்டனையும் இல்லை. அதட்டல் மட்டும் கிடைக்கிறது. இதுவரை சொல்லப்பட்ட கோட்பாடுகள் ஏறக்குறைய எல்லாமே முழுக்கதையைப் பார்த்தவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. துண்டு துண்டாகப் பார்ப்பவருக்கு அவை பொருந்துமா என்று சோதிப்பதிலிருந்துதான் அடுத்த ஆய்வு தொடங்க வேண்டும்.